கூலி கேட்டால் சொல்ல வேண்டிய பதில்

1

காலை பத்து மணி இருபது நிமிடம். கப்பலின் சாப்பாட்டுக் கூடத்தில் மாட்டியிருந்த கடிகாரத்தை ஏன் அப்போது நிமிர்ந்து பார்த்தேன் என்று தெரியவில்லை. பார்த்தேன். பத்து இருபது. அதற்குப் பின் ஒரு வருஷம் ஓடிவிட்டது. இன்றும் எந்தச் சுவர்க் கடிகாரத்தில் முட்கள் அந்த இடத்துக்கு வந்தாலும் என் கை தானாக நீண்டு பக்கத்தில் மகள் இருக்கிறாளா என்று துழாவுகிறது.

தென்காசியிலிருந்து மனைவி செண்பகத்தையும் ஒன்பது வயது மகளையும் முதன்முறையாக மலாயாவுக்கு அழைத்து வந்தேன். நான் ஏற்கெனவே ஏழு வருஷமாக ஈப்போவில் ஒரு நில அளவை ஆபீஸில் குமாஸ்தா. மகளுக்குக் குற்றாலத்து அம்மனின் பெயர், குழல்வாய்மொழி. வீட்டில் குழலி.

கப்பல் வந்து சேர்கிற மலாயாத் துறைமுகத்தில் ஒரு வழக்கம் உண்டு. கப்பலின் மேல்தட்டில் வருகிறவர்களை டாக்டர் நாக்கைப் பார்த்து அனுப்பிவிடுவார். கீழ்த்தட்டில் தோட்ட வேலைக்கு வருகிறவர்களை மட்டும் லாஞ்ச் என்கிற சிறு படகில் ஏற்றி, அம்மை, காலரா இல்லை என்று தெரியும்வரை எதிரே உள்ள தீவில் ஏழு நாள் வைப்பார்கள். அந்தத் தீவு வேண்டாம் என்றுதான் நான் இருந்ததையெல்லாம் திரட்டி இரண்டாம் வகுப்புச் சீட்டு எடுத்திருந்தேன்.

செண்பகம் ஆறு நாளாக வாந்தியெடுத்து எழுந்திருக்க முடியாமல் கிடந்தாள். சாமான் தூக்குகிறவன் எங்கள் தகரப் பெட்டியை மேல்தட்டில் இறக்கி வைத்தான். அவனுக்குக் கூலியைக் கொடுத்து அனுப்பினேன். ஏறும்போது இப்படித்தான் ஒருவனுக்கு இரண்டு முறை கொடுத்து ஏமாந்திருந்தேன். அதனால் குழலியைப் பெட்டியின் மேல் உட்காரவைத்துச் சொன்னேன்:

"நான் போய் அம்மாவக் கூட்டிட்டு வாரேன். நீ இங்கனயே இரு. எவனாவது வந்து கூலின்னு கேட்டா, குடுத்தாச்சுன்னு சொல்லு. என்ன?"

"குடுத்தாச்சு," என்று அவள் உடனே ஒத்திகை பார்த்தாள்.

செண்பகத்தைத் தாங்கிக்கொண்டு சாப்பாட்டுக் கூடத்தைக் கடக்கும்போதுதான் கடிகாரத்தைப் பார்த்தது. மேலே வந்தபோது பெட்டி இருந்தது. பெட்டியின் மேல் பிள்ளை இல்லை.

2

இதை இப்போது எழுத வைத்தது ஒரு பள்ளிக்கூட நோட்டு.

குழலி இங்கே இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். அவள் பெயரை உச்சரிக்க முயன்ற டீச்சர் முன்பகுதியைக் கைவிட்டு, பின்பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு "மோலி" என்று கூப்பிடுகிறாராம். வந்த புதிதில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவள், இப்போது நோட்டு அட்டையில் தானே அப்படி எழுதுகிறாள். சோறு வேண்டுமா என்றால் மலாய் மொழியில் போதும் என்கிறாள். "ஏட்டி, இங்க வா" என்று செண்பகம் கூப்பிட்டால், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கேட்டுவிடப் போகிறார்களே என்று வாசலைப் பார்க்கிறாள்.

போன வாரம் அவர்கள் வகுப்பில் ஒரு பாடம். வேறு மொழிகளிலிருந்து இங்கிலீஷுக்குப் போன சொற்கள். இடதுபக்கம் இங்கிலீஷ் சொல். வலதுபக்கம் அதன் பூர்வீகத்தை எழுத வேண்டும். டீக் என்பதற்கு எதிரே தேக்கு. செரூட் என்பதற்கு எதிரே சுருட்டு. காட்டமரான் என்பதற்கு எதிரே கட்டுமரம். எல்லாம் நான் சொல்லிக்கொடுத்தவை. சொல்லும்போது எனக்கும் பெருமைதான். செங்கோட்டைக் கணவாய் வழியாக வண்டி வண்டியாகத் தேக்கு இறங்கி வந்ததைப் பார்த்து வளர்ந்தவன், அந்தச் சொல்லும் அப்படி ஒரு வண்டியில் ஏறித்தான் சீமைக்குப் போயிருக்கும் என்று ஒரு கதைகூடச் சொன்னேன்.

கடைசி வரிசையில் கூலி என்று இருந்தது. அதற்கு எதிரே வெற்றிடம்.

"இதுக்கு என்ன எழுதட்டும்ப்பா?" என்றாள். அந்தச் சொல்லை அவள் உச்சரித்தது நம்மைப் போல் இல்லை. முதல் எழுத்தை அமுக்கி, கடைசி எழுத்தை விழுங்கி, ஒரு துரைப்பிள்ளையைப் போல் சொன்னாள். நாளைக்குச் சொல்கிறேன் என்று நோட்டை மூடினேன்.

மறுநாள் ஆபீஸில் பெரிய அதிகாரியின் அறையிலிருந்த தடித்த அகராதியைப் புரட்டினேன். பூர்வீகம் ஐயத்துக்குரியது என்று போட்டிருந்தது. குஜராத்துப் பக்கத்து ஒரு கூட்டத்தாரின் பெயராக இருக்கலாம். அடிமை என்ற பொருளில் ஒரு துருக்கிச் சொல் உண்டு, அதுவாகவும் இருக்கலாம். தமிழில் சம்பளத்தைக் குறிக்கும் சொல்லும் அதில் கலந்திருக்கலாம். இவ்வளவுதான். தேக்குக்கும் சுருட்டுக்கும் நாம் ஓடிப்போய் உரிமை கொண்டாடுகிறோம். இந்த ஒரு சொல்லுக்குத் தகப்பன் நான்தான் என்று கையெழுத்துப் போட ஒருவரும் வருவதில்லை.

எனக்கு அதன் பிறப்பு தெரியும். துருக்கிக்கும் குஜராத்துக்கும் நான் போனதில்லை. ஆனால் அது இங்கிலீஷாக மாறுகிற இடத்தில் ஒருமுறை பக்கத்தில் நின்றிருக்கிறேன்.

3

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. பள்ளிப்படிப்பு முடித்து வேலை கிடைக்காமல் தென்காசியில் சுற்றிக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர்க் கோபுரம் மேல்பாதி இல்லாமல் பிளந்து நிற்கும். அதைப்போலப் பாதி முடிந்தவனாக என்னையும் ஊரார் பார்த்தார்கள். சீசன் தொடங்கிவிட்டால் காலையில் மூன்று மைல் நடந்து குற்றாலம் போவேன்.

ஆனி, ஆடி மாதத்துக் குற்றாலத்தை ஊரிலிருந்து இதை வாசிக்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இங்கே தினமும் மாலை மூன்று மணிக்கு மழை பெய்கிறது. நின்று அடித்து, ஓய்ந்துவிடுகிறது. நம் சாரல் அப்படியா? பெய்கிறதா இல்லையா என்றே தெரியாது. கையிலிருக்கும் முறுக்கு நமுத்துப்போயிருந்தால் பெய்திருக்கிறது என்று அர்த்தம். வெயிலும் சாரலும் ஒரே நேரத்தில் தோளில் விழும். அருவிச் சத்தத்தில் எல்லாருமே கத்தித்தான் பேசுவார்கள். கத்திப் பேசினாலும் ஒருவருக்கும் கோபம் இருக்காது.

சீசனுக்குத் துரைமார் குடும்பங்கள் வந்து பங்களாக்களில் தங்கும். ஒருநாள் ஒரு பங்களா வாசலில் ஒரு துரைசானி, பெட்டிகளைச் சுற்றி வைத்துக்கொண்டு நின்றாள். எதிரே மரத்தடியில் சுடலை உட்கார்ந்திருந்தார். அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர். கூட்டம் இல்லாத நேரத்தில் மூட்டையும் தூக்குவார்.

துரைசானி கையைத் தட்டி, "கூலி!" என்று கத்தினாள்.

சுடலை எழுந்து மரியாதையாக, "எட்டணா தாயி," என்றார்.

"கூலி!" என்றாள் மறுபடியும்.

"சரி தாயி, ஏழணா."

"கூலி! கூலி!"

"என்ன தாயி இப்படி அடிமாட்டு விலைக்குக் கேக்கிய? ஆறு. அதுக்குக் கீழ கட்டாது."

அவள் காலை உதைத்துக்கொண்டு இன்னும் இரண்டு முறை கத்தினாள். நாலணாவுக்கு இறங்கிய சுடலை, தலையில் அடித்துக்கொண்டு மரத்தடிக்கே திரும்பிவிட்டார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

"ஏம்ல சிரிக்க? நீ படிச்ச பயதான. அந்தம்மா எவ்வளவுதான் குடுப்பேன்னு சொல்லுதா?"

"அண்ணாச்சி, அவ வெலயே கேக்கல. ஒம்மத்தான் கூப்பிடுதா. இங்கிலீஷ்ல கூலின்னா நீருதான்."

சுடலைக்கு அது விளங்கச் சற்று நேரம் பிடித்தது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "நான் வாங்குததுலா கூலி? நான் எப்படிலே கூலி ஆவேன்? சோறு திங்குதவன் சோறாயிருவானா?"

அதற்கும் சிரித்தேன். இந்தக் கதையைத் தென்காசியில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! சுடலையின் குரலில் ஒரு தடவை, துரைசானியின் குரலில் ஒரு தடவை. இரண்டு மொழியும் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதுதான் அந்தக் கதையின் சாரம்.

4

பெட்டியின் மேல் பிள்ளை இல்லை என்றேனே. கடலில் விழுந்துவிட்டாள் என்றுதான் முதலில் நினைத்தேன். கம்பியைப் பிடித்துக் குனிந்து தண்ணீரைப் பார்த்தேன். செண்பகம் பெட்டியின் மேல் கவிழ்ந்து அதை அடித்து அடித்து அழுதாள். கப்பல் சிப்பந்தி ஒருவன்தான் தூரத்தில் போய்க்கொண்டிருந்த லாஞ்சைக் காட்டினான். அரக்குப் பாவாடை கட்டிய சிறுமி ஒருத்தி கீழ்த்தட்டு ஜனங்களோடு படியிறங்கியதைப் பார்த்தானாம். பெரிய பெண் ஒருத்தி அவள் கையைப் பிடித்திருந்தாளாம்.

உயிர் இருக்கிறது என்ற நிம்மதி அரைமணி நேரம்கூட நிலைக்கவில்லை. தீவில் ஏழு நாள் முடிந்ததும் அவர்களைத் தோட்டம் தோட்டமாகப் பிரித்து ரயிலேற்றிவிடுவார்கள். எந்தத் தோட்டம், எந்தத் திசை என்று யாருக்குத் தெரியும்? நூறு மைல் தள்ளி ஒரு ரப்பர்க் காட்டுக்குள் பிள்ளை போய்விட்டால் நான் எங்கே போய்த் தேடுவேன்? அதற்குள் அவள் என் மகள் என்று நிரூபித்தாக வேண்டும்.

நிரூபிப்பது லேசாக இல்லை. கரையில் வந்திறங்குகிறவர்களைப் பதிவு செய்கிற ஆபீஸில் ஓர் இளம் அதிகாரி ஏட்டைப் புரட்டிப் பார்த்தார். லாஞ்சில் ஏறியவர்கள் எல்லாரும் தோட்டக் கூலிகள். ஒவ்வொருவரையும் கேட்டுத்தான் ஏற்றினோம். ஆகவே அதில் குமாஸ்தாவின் மகள் இருக்க முடியாது என்றார். தீவுக்கு என்னைப் போகவிடவும் மாட்டார்கள். போனால் நானும் ஏழு நாள் இருக்க வேண்டும். செண்பகத்தை யார் பார்ப்பது? வேண்டுமானால் மனு எழுதிக் கொடு என்றார்.

எழுதினேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் முழுவதையும் அந்த மனுவில் இறக்கினேன். மூன்று பக்கம். என் உத்தியோகம், என் தகப்பனாரின் நிலம், சிற்றாற்றுப் பாசனம், நாங்கள் ஒருநாளும் பிறர் வயலில் இறங்கி வேலை செய்யாத குடும்பம், எல்லாம். இரண்டு நாள் பதில் இல்லை.

மூன்றாம் நாள் அந்த ஆபீஸின் மொழிபெயர்ப்பாளர் என்னை வெளியே அழைத்தார். நரைத்த மீசை. எங்கள் பக்கத்துச் சிவகிரிக்காரர் என்று வாயைத் திறந்ததுமே தெரிந்தது.

"வேய், ஒம்ம மனுவ நாந்தான் வாசிச்சுப் பாத்துத் தொர மேசையில வச்சேன். நல்ல எழுத்து. ஆனா ஒண்ணு கேக்கட்டுமா? இதுல 'கூலி இல்ல, கூலி இல்ல'ன்னு எத்தன எடத்துல எழுதியிருக்கீருன்னு எண்ணிப் பாத்தீரா?"

நான் எண்ணவில்லை.

"பதினோரு எடம். 'மகள்'ன்னு எத்தன எடம் தெரியுமா? ஒண்ணு."

அவர் அந்த மனுவை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"தீவுக்குப் போன புள்ளைய எல்லாத்துக்கும் அப்பன் இருக்கான் வே. நீரு கூலி இல்லங்கதுக்கு சாட்சி எழுதிட்டு வந்திருக்கீரு. தொரைக்கு வேண்டியது நீரு அப்பங்கதுக்கு சாட்சி. அவ மூஞ்சி எப்படி? என்ன மச்சம்? பேரு என்ன? என்ன சொன்னாச் சிரிப்பா? அத எழுதும்."

நாங்கள் ஒண்டியிருந்த அறைக்குத் திரும்பி செண்பகத்திடம் கேட்டேன். ஏழு வருஷம் தனியாக இருந்தவனுக்கு மகளின் மச்சம் எங்கே தெரியும்? லீவில் வந்த மூன்று மாதப் பழக்கம்தான். செண்பகம் சுவரைப் பார்த்தபடி சொல்லச் சொல்ல நான் எழுதினேன். இடது முழங்காலில் தழும்பு, ஐந்தருவிப் பாறையில் வழுக்கி விழுந்தது. ஒரு காது மட்டும் லேசாக மடங்கியிருக்கும். யாராவது தும்மினால் சிரிப்பாள். தூங்கும்போது அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொள்வாள்.

அந்த இடத்தில் செண்பகம் நிறுத்தினாள். "இப்ப எந்தச் சேலயப் புடிச்சுத் தூங்குதாளோ," என்றாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "இதெல்லாம் ஒங்களுக்குத் தெரியாதுல்லா?" என்றாள். குத்திக்காட்டியதா, வெறும் கேள்வியா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

இந்த மனு அரைப் பக்கம்தான் வந்தது. அதில் அந்த இன்னொரு சொல் ஓர் இடத்திலும் இல்லை. அதிகாரி படித்துவிட்டு, லாஞ்ச் திரும்பும் நாளில் வாசலில் நில், அந்தச் சிறுமி வந்தால் அப்போது விசாரிக்கலாம் என்று எழுதினார். முடிவு என்று எதையும் எழுதவில்லை.

5

எங்கள் ஆபீஸில் மாதம்தோறும் ஒரு பதிவேடு எழுத வேண்டும். நிலம் அளக்கச் சங்கிலி பிடிக்கிறவர்கள், புதர் வெட்டுகிறவர்கள் எல்லாரையும் சேர்த்து "கூலிகள்: பன்னிரண்டு" என்று ஒரே வரி. ஏழு வருஷம் யோசிக்காமல் எழுதிய வரி. தீவுக்குப் பிறகு வந்த முதல் மாதத்தில் பன்னிரண்டு பேரையும் பெயர் சொல்லி எழுதிக் கொடுத்தேன். தலைமைக் குமாஸ்தா சிவப்பு மையால் அடித்து, படிவத்தில் இவ்வளவு இடம் இல்லை என்று திருப்பி அனுப்பினார். உண்மைதான். படிவத்தில் ஒரு விரற்கடை இடம்தான் இருந்தது. பழைய வரியையே எழுதினேன்.

அறுப்புக் காலத்தில் எங்கள் களத்தில் அந்தச் சொல் எவ்வளவு சந்தோஷமாக ஒலித்தது என்று நினைத்துக்கொள்கிறேன். நெற்பொலி தூற்றி முடிந்ததும் அப்பா அளக்கிற மரக்காலை எடுப்பார். "கூலி போடுதாவ, கூலி போடுதாவ" என்று ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொண்டு பெண்கள் ஓலைப் பெட்டியோடு ஓடி வருவார்கள். புதுநெல்லின் வாசனை. முந்தானையில் விழும் நெல்லின் சரசரப்பு. கொஞ்சம் கூடப் போடச் சொல்லிச் சண்டை, கேலி. "அண்ணாச்சி, மரக்கால்ல கட்டைவிரல உள்ள வச்சுல்லா அளக்கியோ! விரலுக்குள்ள நெல்லயும் சேத்துப் போடுங்க!" கூலி என்பது கொடுக்கிற கையிலிருந்து வாங்குகிற கைக்குப் போகிற பொருளாக இருந்தது. பெட்டியில் ஏந்தி வீட்டுக்குக் கொண்டுபோய்க் குத்திச் சமைக்கிற பொருளாக இருந்தது. கடலைத் தாண்டுகிற ஏதோ ஓர் இடத்தில் அந்தப் பொருளைக் கீழே போட்டுவிட்டு, வாங்கிய மனிதனைப் பெட்டியில் போட்டுவிட்டார்கள்.

அந்தப் பெண்கள் அத்தனை பேரையும் எனக்கு முகம் தெரியும். அவர்களில் யாராவது கீழ்த்தட்டில் வந்திருந்தால்? ஆறு நாளும் நான் அந்தப் படிகளில் இறங்கிப் பார்க்கவில்லை. குழலி ஒருமுறை எட்டிப் பார்த்து, "அப்பா, கீழ நம்ம ஊர்ப் பேச்சு கேக்குது," என்றாள். "அங்கனல்லாம் போகக்கூடாது," என்று இழுத்து வந்தேன்.

நோட்டில் கடைசியாக எழுதச் சொன்னது இது: தமிழ். செய்த வேலைக்குப் பெறுவது. ஆளின் பெயர் அன்று. டீச்சர் அதன் பக்கத்தில் சிவப்பில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறார். குழலி அதை அழிக்கவும் இல்லை, மாற்றி எழுதவும் இல்லை. அழிரப்பர் அவள் கையில்தான் இருந்தது.

6

ஏழாம் நாள் காலை. இரும்புக் கம்பி வாசலுக்கு இந்தப் பக்கம் நானும் செண்பகமும். அந்தப் பக்கம் மேசை போட்டு அதே இளம் அதிகாரி. பக்கத்தில் சிவகிரிக்காரர். வாசலுக்கு வலப்புறம் ரயிலுக்குப் போகும் லாரிகள் உறுமிக்கொண்டு நின்றன.

லாஞ்ச் வந்தது. ஒவ்வொருவராகக் கையில் எண் எழுதிய காகிதத் துண்டோடு மேசைக்கு வந்தார்கள். அதிகாரி துண்டை வாங்கிக்கொண்டு, முகத்தைப் பார்க்காமல், "கூலி?" என்று கேட்டார். கேள்வி புரியாமலே அவர்கள் தலையசைத்தார்கள். என்ன பதில் வந்தாலும் முத்திரை விழுந்தது. வலப்புறம் போனார்கள். முப்பது பேர், நாற்பது பேர். இப்படித்தான் கப்பலில் குழலியிடமும் கேட்டிருப்பார்கள் என்று அப்போதுதான் கண்ணால் கண்டேன்.

கடைசிப் பத்துப் பேரில் அந்த அரக்குப் பாவாடை தெரிந்தது. தலை எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னியிருந்தது. உயரமான, கறுத்த ஒரு பெண் அவள் கையைப் பிடித்திருந்தாள். அவளுடைய முந்தானை நுனி குழலியின் இன்னொரு கையில் சுருட்டிப் பிடித்தபடி இருந்தது. செண்பகம் அதைப் பார்த்துவிட்டாள். கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

அந்தப் பெண்ணின் பெயர் பேச்சியம்மாள், ராயகிரிக்காரி, புருஷனோடு தோட்டத்துக்குப் போகிறவள் என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அவள்தான் எங்களை முதலில் கண்டாள்.

"ஏட்டி, அந்தா கம்பியப் புடிச்சுட்டு நிக்காவளே, அதா ஒங்க அப்பா? தொர மாதிரி இருப்பாவன்னு சொன்ன! ஏழு நாளாச் சட்டகூட மாத்தல போலுக்கே!" பிறகு செண்பகத்தைப் பார்த்து, "தாயி, ஒங்க மவ தூக்கத்துல என்னா ஒத ஒதைக்கா! என் வெலா எலும்பு எத்தன பாக்கியிருக்குன்னு எண்ணிப் பாக்கணும்!" என்றாள்.

செண்பகம் அழுதுகொண்டே சிரித்தாள்.

அவர்கள் மேசைக்கு வந்துவிட்டார்கள். சிவகிரிக்காரர் என் மனுவை எடுத்து அதிகாரியின் முன் வைத்தார். அதிகாரி படித்தார். குழலியின் முழங்கால் தழும்பைக் குனிந்து பார்த்தார். காதைப் பார்த்தார். அது போதும் என்றுதான் நினைத்தேன். ஆனால் ஏட்டில் ஒரு கட்டம் நிரப்பாமல் இருந்தது போலும். பேனாவை எடுத்துக்கொண்டு, அவளையே பார்த்து, அந்த ஒரு சொல்லைக் கேட்டார்.

"கூலி?"

சிவகிரிக்காரர் வாயைத் திறந்தார். குழலி முந்திக்கொண்டாள். என்னை ஒருமுறை பார்த்தாள். தன் கையைப் பிடித்திருந்த பேச்சியம்மாளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு காது கேளாதவரிடம் சொல்வதுபோல், அந்த அதிகாரியிடம் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்:

"அன்னைக்கே கேட்டியள்லா, குடுத்தாச்சுன்னு சொன்னேன்லா? அது பெட்டி தூக்குனவருக்கு. இந்த அக்காவுக்கு இன்னும் குடுக்கல. எங்க அப்பா இப்பந்தான் வந்திருக்காவ."